வெனிஸில் என்ன செய்யலாம்?

வெனிஸுக்கு விடுமுறையில் போய்வந்தவர்கள் தமிழில் எழுதியிருக்கும் கட்டுரைகளைச் சேர்த்துவைத்துப் படித்தால், எழுதியவர் பெயர் மாறும், ஆண்டு மாறும், உடன் சென்ற குடும்பத்தாரின் எண்ணிக்கை மாறும், கட்டுரை மாறாது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சாலை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரைக் கண்ட வியப்பு முதல் பத்தி. ரியால்டோ பாலத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் இரண்டாவது. பிறகு கோண்டோலாச் சவாரி, கட்டணத்தைக் கேட்டு அதிர்ச்சி, ஆனாலும் 'வாழ்க்கையில் ஒரு முறைதானே' என்று ஏறியது. சான் மார்க்கோ சதுக்கம், புறாக்கள், பெருமூச்சுப் பாலம், முரானோவில் கண்ணாடி ஊதுவதைப் பார்த்தது, முகமூடி வாங்கியது. 'மிதக்கும் நகரம்' என்றோ 'கனவு நகரம்' என்றோ ஒரு முத்தாய்ப்பு. இறுதியில், தவறவிடக் கூடாத பத்து விஷயங்கள் என்றொரு பட்டியல்.

அந்தப் பட்டியலை எதிர்த்தே இதை எழுதுகிறோம். இது ரசனை பற்றிய முணுமுணுப்பு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு நகரத்தில் மனிதர்கள் தொடர்ந்து வாழ முடியுமா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. பயண நிறுவனம் அச்சிட்ட துண்டறிக்கையை எழுத்தாளனும் இலக்கிய வாசகனும் தன் கையெழுத்தில் படியெடுத்துத் தருவது சோம்பலால் நேர்கிறது. ஆனால் அந்தச் சோம்பலின் விளைவு நம்மோடு நின்றுவிடுவதில்லை.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். நாம் வெனிஸ் என்று சொல்வது உப்பங்கழியின் நடுவே 118 சிறு தீவுகளின் மேல், நானூறுக்கும் மேற்பட்ட பாலங்களால் கோக்கப்பட்டு நிற்கும் பழைய நகரத்தை. 1951இல் அங்கு ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022 ஆகஸ்டில் அந்த எண்ணிக்கை 50,000க்குக் கீழே இறங்கியது. ரியால்டோ பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக் கடையின் சன்னலில் 2008ஆம் ஆண்டு மின் எண்காட்டி ஒன்றை வைத்தார்கள். நகரத்தில் எஞ்சியிருப்போர் எத்தனை பேர் என்பதை அது காட்டும். அதன் முன்னால் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகிறார்கள். நம் கட்டுரையாளர்களில் ஒருவர்கூட அதைக் கண்டதாக எழுதவில்லை. பட்டியலில் அது இல்லை, ஆகவே கண்ணில் படவில்லை. 2023இல் இன்னோர் எல்லையும் கடக்கப்பட்டது. பயணிகளுக்கென்று வாடகைக்கு விடப்படும் படுக்கைகளின் எண்ணிக்கை, அந்நகரத்தில் வசிப்பவர்களின் எண்ணிக்கையை மிஞ்சியது.

இதற்கெல்லாம் சுற்றுலா ஒன்றே காரணம் என்று சொன்னால் அது பொய். 1966 நவம்பர் 4 அன்று கடல் 194 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறித் தரைத்தளங்களை மூழ்கடித்தது. பலர் அதோடு பெருநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். கழிக்கு அப்பால் மார்கேராவில் ஆலைகள் எழுந்தன, மெஸ்த்ரேயில் மலிவான, ஈரமற்ற வீடுகள் கிடைத்தன. போனவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இருக்க விரும்புகிறவனும் இருக்க முடியாமல் போனதற்குக் காரணம் வேறு. ஒரு வீட்டை ஆசிரியருக்கோ செவிலியருக்கோ மாத வாடகைக்கு விடுவதைவிட, பயணிக்கு நாள் வாடகைக்கு விடுவதில் வருமானம் பன்மடங்கு. வீடு போனதும் அதை நம்பியிருந்த கடை போகிறது. செருப்புத் தைப்பவர், காய்கறிக்காரர், துணி வெளுப்பவர் இருந்த இடத்தில் முகமூடிக் கடையும் பனிக்கூழ்க் கடையும் வருகின்றன. அடுத்து பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். இது சதித்திட்டம் எதுவுமில்லை, வெறும் கணக்கு. அந்தக் கணக்கின் ஒரு பக்கத்தில் நம்முடைய 'தவறவிடக் கூடாத பத்து' உட்கார்ந்திருக்கிறது.

எப்படி என்றால், பட்டியல் எல்லோரையும் ஒரே தடத்தில் நடக்கவைக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ரியால்டோ, ரியால்டோவிலிருந்து சான் மார்க்கோ. அந்த வழிக்குச் சுவர்களில் மஞ்சள் பலகை அம்புகளே இருக்கின்றன. அந்தத் தடத்தில் நடப்பவனுக்கு நான்கு மணி நேரத்தில் நகரம் முடிந்துவிடுகிறது. முடிந்துவிடுவதால் அவன் கிளம்பிவிடுகிறான். அவன் கிளம்பிய இடத்துக்கு இன்னொருவன் வருகிறான். அத்தடத்தின் இருபுறமும் வாங்கத் தகுந்த பொருள் எதுவும் மிஞ்சுவதில்லை. நூறடி தள்ளி ஒரு சந்தில் திரும்பினால் காய வைத்த துணிகளும் பேசிக்கொண்டிருக்கும் கிழவிகளும் இருக்கிறார்கள் என்பதை அவன் அறிவதேயில்லை.

பட்டியலின் முதல் உருப்படியையே எடுத்துக்கொள்வோம். கோண்டோலாச் சவாரிக்கு நகராட்சி நிர்ணயித்த பகல் கட்டணம், 2023 நவம்பர் முதல், அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. இரவில் 110. இதைக் கொடுத்து ஏறுகிறவர் எதில் ஏறுகிறார்? கோண்டோலா ஏறக்குறைய பதினொரு மீட்டர் நீளமுள்ள படகு. எட்டு வகை மரங்களால் ஆனது. அதன் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம் கூடியது. ஒரே துடுப்பை ஒரே பக்கத்தில் போட்டு ஓட்டும் படகு வட்டமடிக்காமல் நேராகச் செல்ல, அந்தக் கோணலே வழிசெய்கிறது. துடுப்பைத் தாங்கும் ஃபோர்கொலா என்ற மரக்கொம்பு ஒரே துண்டு அக்ரூட் மரத்தில் குடையப்படுவது. அதன் ஒவ்வொரு வளைவிலும் துடுப்பை வைத்து வேறுவேறு விதமாகப் படகை நடத்தலாம்: முன்னே, பின்னே, நிறுத்த, திருப்ப. நூற்றாண்டுகளாகக் கைகளால் கண்டடைந்த பொறியியல் இது. பயணக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி கிடையாது. 'ராஜா போல உட்கார்ந்து வந்தோம்' என்பதே கிடைக்கிறது.

அந்தக் கைத்திறனைப் பார்க்க விரும்புகிறவர் சான் த்ரோவாசோவில் உள்ள படகுப் பட்டறைக்குப் போகலாம். எதிர்க்கரையில் நின்றால் படகுகளைக் கவிழ்த்துப்போட்டுப் பழுதுபார்ப்பது தெரியும். கட்டணமில்லை. கோண்டோலாவில் கால் வைத்தே தீரவேண்டும் என்பவருக்கு த்ராகெட்டோ இருக்கிறது. பெருங்கால்வாயைப் பாலமில்லாத இடங்களில் குறுக்காகக் கடக்கும் ஓடம் அது; படகு கோண்டோலாதான், ஆனால் இரண்டு பேர் துடுப்பு போடுவார்கள். வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. சந்தைக்குப் போகும் உள்ளூர்க்காரர்கள் காய்கறிப் பையோடு நின்றபடியே கடப்பார்கள். படகு எதற்காக உண்டாக்கப்பட்டதோ அதற்காகவே அது இன்னும் பயன்படும் இடம் அதுதான். ஆனால் படத்துக்கு அழகாக இராது. ஆகவே பட்டியலில் சேராது.

அடுத்தது பெருமூச்சுப் பாலம். கோமகனின் மாளிகையிலிருந்து சிறைக்குக் கைதிகளைக் கொண்டுசெல்ல 1600ஐ ஒட்டி எழுப்பிய மூடுபாலம் அது. பெருமூச்சு என்ற பெயரை உலகறியச் செய்தவர் பைரன். அதன் கீழே சூரியன் மறையும் வேளையில் முத்தமிட்டால் காதல் நிலைக்கும் என்ற 'ஐதீகம்' நம் வலைப்பக்கங்களிலும் உலவுகிறது. கைதிகளின் நடைவழியைக் காதலர் தலமாக்கி, அதற்குப் பழமையின் முலாமும் பூசியாயிற்று.

முகமூடியின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1797இல் நெப்போலியனிடம் குடியரசு வீழ்ந்தபின் கார்னிவல் தேய்ந்து மறைந்தது. இன்று நாம் காணும் கார்னிவல் 1979ஐ ஒட்டி மீண்டும் தொடங்கப்பட்டது. மீட்டெடுப்பதில் தவறு எதுவும் இல்லை. அதை 'நூற்றாண்டுகளாக அறுபடாத மரபு' என்று எழுதுவதுதான் தவறு. புறாக்களுக்குத் தீனி போட்டு மகிழலாம் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். சான் மார்க்கோ சதுக்கத்தில் அது 2008இல் தடைசெய்யப்பட்டது. எழுதியவர் சதுக்கத்தைப் பார்த்து எழுதினாரா, பழைய கட்டுரையைப் பார்த்து எழுதினாரா என்று வாசகர் கேட்க வேண்டாமா?

இலக்கியம் படித்தவர்கள் நாங்கள் மாறுபட்டவர்கள் என்று மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. வெனிஸ் என்றதும் தாமஸ் மன்னின் 'வெனிஸில் மரணம்' பற்றி ஒரு வரி சேர்ப்பது நம் வழக்கம். 1912இல் வெளிவந்த அந்தக் குறுநாவலை அழகு, மூப்பு, விழைவு என்று பேசுகிறோம். அதன் கதைப்போக்கை நகர்த்துவது வேறொன்று. நகரத்தில் காலரா பரவுகிறது; பயணிகள் ஓடிவிடுவார்களே என்று அதிகாரிகள் அதை மறைக்கிறார்கள்; விடுதிக்காரரிலிருந்து பாட்டுக்காரன் வரை எல்லோரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள். பயணியின் காசை நம்பிவிட்ட ஊர் தன் நோயைத் தானே ஒளிக்கும் என்பதை நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு நாவலாசிரியன் கண்டுவிட்டான். அந்நாவலைத் தன் கட்டுரைக்கு ஆபரணமாக அணிந்துகொள்பவர், அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பதைப் பார்க்க மறுப்பது எப்படி?

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். இரண்டுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் மறுப்பு, இது மேட்டிமைத்தனம் என்பது. 'ஆயுளில் ஒரு முறை, அதுவும் குழுச் சுற்றுலாவில் ஒரு பகல் கிடைக்கும் நடுத்தர வர்க்கத்துக்காரன் சான் மார்க்கோவைப் பார்க்காமல் சந்தில் நின்று காயும் துணியைப் பார்க்க வேண்டுமா?' நியாயமான கேள்வி. சான் மார்க்கோவைப் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பொன் பதித்த அந்தச் சித்திரக் கற்களுக்காகவே கடல் தாண்டிப் போகலாம். ஆனால் குழுச் சுற்றுலா என்ற அமைப்பே அந்த ஒரு பகலை அவனிடமிருந்து பறித்துக்கொள்கிறது. எட்டு நாட்டைப் பத்து நாளில் காட்டுகிறேன் என்பவன் வெனிஸுக்கு ஆறு மணி நேரம் தருகிறான். அதில் ஒரு மணி நேரம் கண்ணாடிக் கடைக்கு. கொடியைத் தூக்கிப் பிடித்து முன்னே செல்லும் வழிகாட்டிகளின் கூட்டத்தை நகராட்சி 2024இல் 25 பேருக்கு மட்டுப்படுத்தி, ஒலிபெருக்கியையும் தடைசெய்தது. இதில் நம்மவர்கள் இழப்பதும் மிகுதி. மேட்டிமை எங்கே இருக்கிறது? தொண்ணூறு யூரோ படகிலா, இரண்டு யூரோ ஓடத்திலா? நாங்கள் சொல்பவற்றில் பெரும்பாலானவை பட்டியலில் உள்ளவற்றைவிட மலிவானவை, பல இலவசம். அவற்றுக்குத் தேவைப்படுவது நேரம். நடுத்தர வர்க்கத்துக்காரனிடம் எட்டு நாடு பார்க்கக் காசு இருக்கிறது, ஒரு நகரத்தில் நான்கு நாள் இருக்கப் பொறுமை இல்லை என்பதே உண்மை நிலவரம்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 'அப்படியானால் யாரும் போகவே வேண்டாம், அல்லது போகிறவனிடம் வரி வாங்கட்டும்.' வாங்கினார்கள். 2024 ஏப்ரல் 25 முதல், தேர்ந்தெடுத்த 29 நாட்களில், பகலில் வந்து போகும் பயணி 5 யூரோ கட்டினால்தான் நகரத்துக்குள் நுழையலாம் என்று ஆயிற்று. 2025இல் அது 54 நாளானது. கடைசி நேரத்தில் பதிவுசெய்வோருக்கு 10 யூரோ. இந்தக் கட்டணத்தை முற்போக்கான நடவடிக்கையாக நம்மில் சிலர் வரவேற்றார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை. நுழைவுச்சீட்டு வைத்த இடத்துக்கு அருங்காட்சியகம் என்று பெயர். சீட்டு வாங்கியவன் தன்னை விருந்தினனாக நினைப்பதில்லை, காசு கொடுத்த பார்வையாளனாக நினைக்கிறான். தன் காசுக்கு உரிய காட்சியை எதிர்பார்க்கிறான். மேலும், இரவு தங்குவோருக்கு இக்கட்டணம் இல்லை, அவர்கள் தங்கல் வரி கட்டுவதால். ஆனால் வீடுகளை விழுங்குவது இரவு தங்குவோருக்கான படுக்கைகளே அல்லவா? 2021 ஆகஸ்ட் முதல் ராட்சதக் கப்பல்கள் சான் மார்க்கோவின் முன்னால் செல்வதைத் தடுத்தது உருப்படியான செயல். குடியிருப்பு வீடுகள் விடுதிகளாவதைத் தடுப்பது அதைவிட முக்கியம், அதைவிடக் கடினம். ஐந்து யூரோ சீட்டு அந்தக் கடினமான வேலையைத் தள்ளிப்போட ஒரு சாக்காகிறது.

போகக் கூடாது என்பதும் விடையாகாது. வெனிஸ் பிறந்ததே வந்துபோகிறவர்களால். துருக்கியர், ஜெர்மானியர், கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் என்று வந்தவர்கள் அங்கே தொழில் செய்தார்கள், அச்சுக் கோத்தார்கள், கடன் கொடுத்தார்கள். யூதர்களை 1516இல் ஒரு பழைய வார்ப்படப் பட்டறைத் தீவில் அடைத்துவைத்து, 'கெட்டோ' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்ததும் அதே நகரம்தான். இடம் போதாமல் அவர்கள் மாடி மேல் மாடியாகக் கட்டிய வீடுகள் இன்றும் அங்கே உயர்ந்து நிற்கின்றன. வந்தவர்களால் ஆன நகரத்துக்கு வருகையே பகையாகாது. எப்படி வருகிறோம் என்பதே கேள்வி.

எனவே, வெனிஸில் என்ன செய்யலாம் என்று எங்களைக் கேட்டால் இவற்றைச் சொல்வோம். தவறவிடக் கூடாதவை என்று சொல்லமாட்டோம். தவறவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

காலையில் ரியால்டோ மீன் சந்தைக்குப் போகலாம். ஞாயிறும் திங்களும் இராது. அங்கே ஒரு சலவைக்கல் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்திருந்தால் விற்கக் கூடாது என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். குஞ்சு மீனைப் பிடித்தால் நாளைக்கு மீன் இராது என்பதை அறிந்த அரசு விட்டுச்சென்ற கல்வெட்டு. நம்மூர்ச் சந்தையில் மீன் வாங்கிப் பழகிய யாரும் அந்தக் கல்லின் முன் நின்று பொருள் கொள்ளலாம். மொழி தெரிய வேண்டியதில்லை.

காம்ப்போ என்று அழைக்கப்படும் சிறு சதுக்கங்களில் நடுவே மூடிய கிணறுகளைக் காணலாம். சுற்றிலும் தண்ணீர் நிறைந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே ஒவ்வொரு சதுக்கத்தின் தரைக்குக் கீழும் களிமண் பூசிய பெருந்தொட்டி கட்டி, மணல் நிரப்பி, மழைநீரை அதன் வழியே வடியவிட்டு, நடுக்கிணற்றில் இறைத்துக் குடித்தார்கள். 1884இல் பெருநிலத்திலிருந்து குழாய் வரும்வரை ஊர் இப்படித்தான் உயிர்த்திருந்தது. கால்வாயைப் பார்த்து வியப்பவர் இந்தக் கிணற்றைப் பார்த்தும் ஒரு நொடி நிற்கலாம். அருகிலேயே இன்று குடிநீர்க் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்; புட்டித் தண்ணீர் வாங்கத் தேவையில்லை.

கடல் ஏறுவதும் வற்றுவதும் அவ்வூரின் கடிகாரம். இதை அறிய க்வெரீனி ஸ்தம்பாலியா மாளிகைக்குப் போக வேண்டும். அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசு 1869இல் இறந்தபோது தன் வீட்டையும் நூல்களையும் பொதுமக்களுக்கு எழுதிவைத்தார். மற்ற நூலகங்கள் மூடியிருக்கும் நேரத்திலும் மாலை வேளையிலும் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1960களின் தொடக்கத்தில் கார்லோ ஸ்கார்ப்பா அதன் தரைத்தளத்தைப் புதுப்பித்தார். வெள்ளத்தைத் தடுக்க அவர் மதில் எழுப்பவில்லை. தண்ணீர் உள்ளே வர வாயிலும் வாய்க்காலும் அமைத்து, மனிதர் நடக்க மேலே பாதை போட்டார். கடலோடு வாழ்வது எப்படி என்பதற்கு ஒரு கட்டடம் தரும் விடை அது. இன்னொரு விடை கழியின் மூன்று வாயில்களிலும் கடலடியில் பதித்த 78 இரும்புக் கதவுகள்; 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக அவை எழுந்து கடலேற்றத்தை நிறுத்தின. அதற்கு ஓராண்டுக்கு முன், 2019 நவம்பர் 12 இரவில், தண்ணீர் 187 சென்டிமீட்டர் ஏறியிருந்தது.

நூல் நேசிப்பவருக்கு வெனிஸ் இன்னும் நெருக்கமானது. ஆல்டஸ் மனூட்டியஸ் 1490களில் இங்கே அச்சகம் நிறுவினார். அரிஸ்டாட்டிலைக் கிரேக்கத்தில் முதன்முதலாக அச்சிட்டார். சாய்வெழுத்தில் முழு நூல் ஒன்றை 1501இல் கொண்டுவந்தார், கையில் எடுத்துப்போகத் தக்க சிறிய அளவில். நாம் இன்று பயன்படுத்தும் அரைப்புள்ளி முதலில் அச்சேறியதும் அவர் அச்சகத்தில்தான். சிற்றிதழ் நடத்துகிறவர்கள், வாசிக்கிறவர்கள் ஒரு நாளை அவருக்குக் கொடுத்தால் என்ன?

கழியில் சான் லாஸ்ஸாரோ என்று ஒரு தீவு. 1717இல் மெக்கிதார் என்ற ஆர்மீனியத் துறவிக்கும் அவருடைய சீடர்களுக்கும் வெனிஸ் குடியரசு கொடுத்த இடம். தாய்நாட்டிலிருந்து வெகு தொலைவில், ஒரு சிறு துண்டு நிலத்தில், அவர்கள் ஒரு மொழியைக் காத்தார்கள். ஏடுகளைச் சேர்த்தார்கள், இலக்கணமும் அகராதியும் ஆக்கினார்கள், அச்சுக்கூடம் வைத்தார்கள். 1843இல் தொடங்கிய 'பஸ்மாவேப்' என்ற ஆர்மீனிய ஆய்விதழ் அங்கிருந்து இன்றும் வருகிறது. பைரன் 1816இல் அங்கே போய் ஆர்மீனியம் கற்றார். ஒரு மொழி தன் மண்ணுக்கு வெளியே எப்படிப் பிழைக்கிறது என்பது தமிழ் வாசகனுக்கு அந்நியமான கேள்வியன்று. ஆனால் எந்தத் தமிழ்ப் பயணக் கட்டுரையிலும் அந்தத் தீவின் பெயரை நாங்கள் கண்டதில்லை. எல்லோரும் முரானோவுக்கும் புரானோவுக்கும் போய்த் திரும்புகிறார்கள்.

உடலுழைப்பு விரும்புவோருக்கும் வழி உண்டு. விசைப்படகுகள் எழுப்பும் அலை கட்டடங்களின் அடித்தளத்தை அரிக்கிறது. அதை எதிர்த்து 1975இல் துடுப்புப் படகுக்காரர்கள் ஒன்றுகூடி 'வோகலோங்கா' என்ற நீண்ட படகு ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் நடக்கிறது, வெளிநாட்டினரும் தங்கள் படகோடு சேர்கிறார்கள். நின்றபடி துடுப்பு போடும் அந்நகரத்து முறையைக் கற்றுக்கொடுப்போரும் உண்டு. விசைப்படகு வாடகைக்கு எடுத்துப் படம் பிடித்துக்கொள்வதைவிட இது நூறு மடங்கு மேலானது. மாலையில் கல்லறைத் தீவான சான் மிக்கேலேயில் ஜோசப் பிராட்ஸ்கியும் எஸ்ரா பவுண்டும் ஸ்ட்ராவின்ஸ்கியும் கிடக்கும் இடத்தைப் பார்த்துவரலாம். அங்கே போகும் படகில் பெரும்பாலும் பூக்கொத்தோடு உள்ளூர்க்காரர்கள் வருவார்கள். குரல் தாழ்த்திப் பேசவும்.

கடைசியாக நம் எழுத்தைப் பற்றி. கரையோர நகரம் ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று நமக்கு மேனாட்டு வழிகாட்டி நூல் சொல்லித் தர வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை புகாரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது மாளிகையோடு நிறுத்திக்கொள்வதில்லை. மீன் விற்பவர், உப்பு விற்பவர், எண்ணெய் வாணிகர், கொல்லர், தச்சர், தையற்காரர், குயவர் என்று யார் எங்கே என்ன தொழில் செய்கிறார்கள் என்று சொல்கிறது. மதுரைக்காஞ்சி நாளங்காடியிலிருந்து அல்லங்காடி வரை ஊரோடு கூடவே நடக்கிறது. ஊரைப் பார்ப்பது என்றால் அங்கே வாழ்வு நடத்துபவரைப் பார்ப்பது என்பது நம் மரபில் ஊறிய அறிவு. அதை விட்டுவிட்டு நாம் எடுத்துக்கொண்டது பயண முகவரின் கண்.

வெனிஸிலிருந்து நம்மிடம் வந்த ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். நிக்கொலாவ் மனுச்சி பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், சிறுவனாக, அந்நகரத்தை விட்டுப் புறப்பட்டார். மொகலாயர் தலைநகரங்களில் வாழ்ந்து, பிறகு சென்னையில் பல ஆண்டுகள் குடியிருந்து, தான் கண்டதையும் கேட்டதையும் பல மொழிகள் கலந்து எழுதினார். அவரிடம் மிகையும் உண்டு, வம்பும் உண்டு. ஆனால் இருந்து பார்த்து எழுதினார். வெனிஸ் அரசுக்கு அவர் அனுப்பிய கையெழுத்துப் படிகள் சான் மார்க்கோவை ஒட்டிய மார்ச்சியானா நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பெருமூச்சுப் பாலத்தைப் படம் பிடிக்கும் நம்மவர்களுக்குச் சில நூறு அடி தூரத்தில், சென்னையில் வாழ்ந்தவர் எழுதிய ஏடுகள் இருக்கின்றன. நம் பட்டியலில் அதுவும் இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் எளியவை. போகிறவர்கள் ஒரு நாட்டைக் குறைத்து, வெனிஸுக்கு நான்கு நாள் கொடுங்கள். முழு வீட்டை நாள் வாடகைக்கு எடுப்பதைத் தவிர்த்து, உரிமம் பெற்ற சிறு விடுதியிலோ துறவியர் நடத்தும் தங்குமிடத்திலோ தங்குங்கள். மஞ்சள் அம்புக்குறியைப் பின்பற்றாமல் ஒரு பகலாவது நடங்கள். வழி தவறினால் கடல் வந்து நிறுத்தும். வாங்குவதானால் காய்கறி வாங்குங்கள், புத்தகம் வாங்குங்கள். திரும்பிவந்து எழுதுகிறவர்கள், அங்கே நீங்கள் பேசிய ஒரு மனிதரைப் பற்றியாவது எழுதுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் எழுத வேண்டாம். இதழாசிரியர்கள், 'மிதக்கும் நகரம்' என்று தொடங்கும் அடுத்த கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். வெனிஸ் மிதக்கவில்லை. சேற்றில் இறக்கிய லட்சக்கணக்கான மரக்கம்பங்களின் மேல் அது நிற்கிறது. அதை நிற்கவைக்கப் பல ஆயிரம் பேர் இன்னும் அங்கே குடியிருக்கிறார்கள்.